ஆளுக்கு ஓர் ஏக்கர்

மைசூரிலிருந்து மடிக்கேரி போகும் நெடுஞ்சாலையில் பைலகுப்பே பெரும்பாலான பயணிகளுக்கு ஒரு நிறுத்தம் மட்டுமே. குடகுக்குச் சுற்றுலா போகிற வண்டிகள் வழியில் திரும்பி, 'கோல்டன் டெம்பிள்' வாசலில் முக்கால் மணி நேரம் நிற்கும். படம் எடுத்துக்கொண்டு, சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு, துபாரே யானை முகாமுக்குக் கிளம்பிவிடும். எங்கள் அலுவலகத்தில் எல்லாருமே அப்படி ஒரு தடவையாவது அங்கே போய் வந்தவர்கள்தான்.

இந்த முறை வேறு மாதிரி போகலாம் என்று சொன்னவர் எங்கள் கணக்குப் பிரிவின் மூத்தவர். ஹுன்சூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர், புகையிலை விவசாயக் குடும்பம். அவருடைய அம்மா திபெத்தியர்களின் வயலில் மக்காச்சோளம் ஒடிக்கக் கூலிக்குப் போனவர். "நீங்க கோயிலைப் பார்த்திருக்கீங்க. ஊரைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார். காலையில் போய், அங்கேயே நடந்து, அங்கேயே சாப்பிட்டு, பொழுது சாயும்வரை இருந்து திரும்புவது என்று முடிவாயிற்று. மதுரைக்கார அக்கா ஒருவர், கண்ணூரிலிருந்து வந்த மலையாளி நண்பர், பாட்னாவிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி, இன்னும் சிலர், நான். ஒரு டெம்போ டிராவலரில் எல்லாரும் அடங்கினோம்.

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை. மைசூரின் ரிங் ரோட்டைத் தாண்டியதும் வயல்களில் பனி விலகாமல் கிடந்தது. பிளிகெரே கடந்து ஹுன்சூர். லட்சுமண தீர்த்த ஆற்றங்கரை ஊர், மர வியாபாரத்துக்குப் பேர்போனது. அதற்கு மேல் சாலையின் இருபுறமும் ஜன்னல் இல்லாத உயரமான கொட்டகைகள் வரத் தொடங்கின. புகையிலை இலையைச் சூட்டில் பதப்படுத்தும் இடங்கள். ஹுன்சூர், பிரியாபட்டணா தாலுகாக்களில் மழைக்காலத்து மண்ணில் புகையிலையும் மக்காச்சோளமும் போட்டி போடும். டிசம்பரில் இரண்டும் முடிந்து, தட்டைகள் மட்டும் நின்றன.

கர்நாடகத்தில் திபெத்தியக் குடியிருப்புகள் ஐந்து. பைலகுப்பேயில் இரண்டு, வடக்கே முண்ட்கோட்டில் ஒன்று, ஹுன்சூருக்குப் பக்கத்தில் குருபுராவில் ஒன்று, கொள்ளேகாலத்துக்கு அப்பால் ஒடெயரபாளையாவில் ஒன்று. கடைசியில் சொன்னது நம் சத்தியமங்கலம் மலைகளுக்கு அந்தப் பக்கம்தான். இவற்றில் மூத்தது பைலகுப்பேயின் லுக்சும் சம்துப்லிங், 1961-இல் உருவானது. அதை ஒட்டி 1969-இல் டிக்யி லார்ஸோ எழுந்தது. ஊர்க்காரர்கள் இந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. 'கேம்ப்' என்கிறார்கள். முதல் கேம்ப், நாலாம் கேம்ப் என்று எண் வைத்துத்தான் ஆட்டோக்காரரிடமும் வழி சொல்ல வேண்டும்.

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பிய கொஞ்ச தூரத்தில் மின்கம்பங்களுக்கும் மரங்களுக்கும் இடையே பிரார்த்தனைக் கொடிகள் தோன்றின. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். வானம், காற்று, நெருப்பு, நீர், நிலம் என்ற வரிசை அது, எப்போதும் அதே வரிசைதான். கொடியில் அச்சடித்த மந்திரத்தைக் காற்று எல்லா உயிர்களுக்கும் கொண்டுபோகும் என்பது நம்பிக்கை. கொடிகளுக்குக் கீழே அறுவடை முடிந்த மக்காச்சோள வயல், வயலுக்கு அப்பால் ஓட்டு வீடுகள், வீட்டு முற்றத்தில் துளசி மாடம் இருக்கக்கூடிய இடத்தில் சாம்பிராணி போல மணமுள்ள இலைகளைப் புகைக்கும் சிறு வெள்ளை அடுப்பு. தென்னிந்தியக் கிராமத்தின் அமைப்புக்குள்ளேயே வேறு ஒரு நாடு வாழ்ந்துகொண்டிருந்தது.

அந்த நாடு இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 1959 மார்ச் 10 அன்று லாசாவில் சீன ஆட்சிக்கு எதிராக மக்கள் திரண்டெழுந்தார்கள். 17-ஆம் தேதி இரவு தலாய் லாமா படைவீரன் வேடத்தில் அரண்மனையை விட்டு வெளியேறினார். இரண்டு வாரம் மலைகளைக் கடந்து, மார்ச் 31 அன்று தவாங் பக்கம் இந்திய எல்லைக்குள் வந்தார். அப்போது அவருக்கு வயது 23. அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 பேர் இமயத்தைத் தாண்டினார்கள். அசாமில் மிஸ்ஸமாரியிலும் வங்காளத்தில் பக்ஸாவிலும் முகாம்கள் போட்டார்கள். கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேல் உயரத்தில் வாழ்ந்து பழகிய உடம்பு சமவெளியின் வெக்கையைத் தாங்கவில்லை. காசநோயிலும் வயிற்றுப்போக்கிலும் பலர் போய்ச் சேர்ந்தார்கள். பிழைத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் இமாசலத்திலும் சிக்கிமிலும் மலைச்சாலை போடக் கல்லுடைத்தார்கள், கைக்குழந்தைகளைச் சாலையோரம் கிடத்திவிட்டு.

இவர்களை எங்கே நிரந்தரமாகக் குடியமர்த்துவது என்று நேரு மாநில அரசுகளைக் கேட்டு எழுதினார். முன்வந்த மாநிலங்களில் முதன்மையானது அன்றைய மைசூர். அந்த மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த எஸ். நிஜலிங்கப்பாவின் பெயரைத் தலாய் லாமா பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். 2018 ஆகஸ்டில் பெங்களூரில் திபெத்தியர்கள் கர்நாடகத்துக்கு நன்றி சொல்வதற்கென்றே ஒரு விழா எடுத்தார்கள். மைசூர் கொடுத்தது குத்தகைக்கு ஏறக்குறைய 3,000 ஏக்கர் காடு. வந்து குடியேற வேண்டியவர்கள் ஏறக்குறைய 3,000 பேர். ஆளுக்கு ஓர் ஏக்கர் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கு நிலத்தில் எப்படி நிறைவேறியது என்பதை ஒரு மூதாட்டியிடம் கேட்டோம். ஹுன்சூர்க்காரருக்குத் தெரிந்த வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கால்வரை நீண்ட கருஞ்சாம்பல் நிறச் சுபா அங்கி, அதன்மேல் மணமான பெண்கள் கட்டும் வண்ணப் பட்டைகள் கொண்ட பங்தென் என்ற முன்துணி, வலது கையில் ஓயாமல் சுற்றும் பிரார்த்தனைச் சக்கரம். எங்களைப் பார்த்ததும் "தாஷி தெலெ" என்றார். பிறகு ஹுன்சூர்க்காரரிடம் சுத்தமான மைசூர்க் கன்னடத்தில் அவருடைய அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

அப்பா அம்மாவோடு சிறுமியாக இங்கே வந்தவர் அவர். "சுத்தி மூங்கில் காடு. ஆம்பளை பொம்பளை எல்லாரும் சேர்ந்து மரம் வெட்டுவாங்க, எரிப்பாங்க. மாசக்கணக்கில் புகை. ராத்திரி யானை வந்து கூடாரத்தைப் பிச்சுப் போடும். தகர டப்பாவைத் தட்டிக்கிட்டு நாங்க விடிய விடிய உட்கார்ந்திருப்போம். காலையில மறுபடி வெட்டணும்." அவர் சொல்வதை ஹுன்சூர்க்காரர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் முக்கால்வாசி நேரடியாகவே புரிந்தது.

வீட்டின் பக்கவாட்டில் ஒரு பெரிய மாமரம். அதைப் பற்றி மதுரைக்கார அக்கா கேட்டார். மூதாட்டி சிரித்தார். "அப்பா மரமே வைக்க மாட்டேன்னார். ரெண்டு வருஷத்துல லாசாவுக்குத் திரும்பிடுவோம், காய்க்கிறதைப் பார்க்க யார் இருப்பாங்கன்னு கேட்டார். பக்கத்து ஊர் கவுடர்தான் கன்னு கொண்டுவந்து நட்டார். எப்ப போனாலும் போங்க, அதுவரைக்கும் நிழல் வேணுமேன்னார்." அந்தத் தலைமுறையின் மனநிலை முழுவதும் இந்தப் பேச்சில் இருந்தது. அவர்கள் வாழ வந்தவர்கள் அல்லர், காத்திருக்க வந்தவர்கள். காத்திருந்தபடியே காட்டைத் திருத்தி, மக்காச்சோளம் விதைத்து, கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, டிராக்டர் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

அந்தத் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மழைக்கால விவசாயம் ஐப்பசி வாக்கில் முடிகிறது. அதற்குப் பிறகு உழைக்கும் வயதுள்ளவர்கள் ஸ்வெட்டர் விற்கக் கிளம்பிவிடுகிறார்கள். லூதியானா ஆலைகளில் கடனுக்குச் சரக்கெடுத்து, இந்தியா முழுவதும் நகரங்களின் நடைபாதைகளிலும் திடல்களிலும் கடை போட்டு, குளிர்காலம் முடிந்து கடனை அடைத்துவிட்டுப் புத்தாண்டான லோசருக்கு ஊர் திரும்புவார்கள். ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்துத் திபெத்தியன் மார்க்கெட்டில் குல்லாய் வாங்கியவர்களுக்கு இந்த முகங்களைத் தெரியும். மூதாட்டியின் மகனும் மருமகளும் சேலத்தில் இருக்கிறார்களாம். "சேலம் உங்க ஊருக்குப் பக்கமா?" என்று அக்காவைக் கேட்டார். "பஸ்ல நாலு மணி நேரம்மா" என்றதும், "அங்க குளிரே இல்லையாமே, அப்புறம் எப்படி விக்கும்?" என்று கவலைப்பட்டார். "விக்கும்மா. மார்கழி காலையில கோலம் போடுறப்ப எங்க ஊர்லயும் குளிரும்" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அங்கிருந்து நாலாம் கேம்ப்பில் இருக்கும் நம்ட்ரோலிங் மடத்துக்கு நடந்தோம். எல்லாரும் வந்து போகும் கோல்டன் டெம்பிள் இந்த மடத்துக்குள் இருக்கிறது. இதை 1963-இல் தொடங்கியவர் திபெத்திய பௌத்தத்தின் ஞிங்மா மரபில் பல்யுல் கிளைக்குத் தலைவரான பெனோர் ரின்போச்சே. கிழக்குத் திபெத்திலிருந்து அவரோடு புறப்பட்டவர்கள் சுமார் 300 பேர், உயிரோடு இந்தியா சேர்ந்தவர்கள் சுமார் 30 பேர் என்று மடத்தின் வரலாறு சொல்கிறது. முதல் கோயில் மூங்கிலால் ஆனது. ரின்போச்சே தம் கையாலேயே கல்லும் மண்ணும் சுமந்து கட்டியவர் என்று பழைய பிட்சுக்கள் இன்னும் சொல்வார்கள். இன்று நாம் காணும் பொன்மயமான கோயிலை 1999-இல் தலாய் லாமா திறந்து வைத்தார். ரின்போச்சே 2009-இல் இங்கேயே காலமானார்.

உள்ளே மூன்று பேருருவங்கள். நடுவில் சாக்கியமுனி புத்தர், ஒருபுறம் பத்மசம்பவர், மறுபுறம் நீண்ட ஆயுளின் வடிவமான அமிதாயுஸ். தாமிர உருவங்களுக்குப் பொன்முலாம். சுவர் முழுக்க ஓவியங்கள்: கருணை பொங்கும் முகங்கள், கோரைப்பல் தெரியும் காவல் தெய்வங்கள், தாமரைகள், மேகங்கள். எட்டாம் நூற்றாண்டில் திரிசோங் தெத்சென் என்ற அரசர் அழைத்து இந்தியாவிலிருந்து திபெத்துக்குப் போனவர் பத்மசம்பவர். இங்கிருந்து போன மறையைப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள், அதுவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. கூடத்தின் ஓரத்தில் சிறுவர்களும் இளைஞர்களுமாகப் பிட்சுக்கள் வரிசையாக அமர்ந்து சுவடி போன்ற நீள ஏடுகளைப் புரட்டி ஓதிக்கொண்டிருந்தார்கள். இடையிடையே பெரிய முரசு அதிர்ந்தது. ஆளைவிட நீளமான எக்காளங்கள் அடிவயிற்றில் உணரும்படி முழங்கின. பாட்னாத் தம்பி வெகுநேரம் தூணோரம் உட்கார்ந்துவிட்டான். "புத்தகயாவுக்கு எங்க வீட்டுலேர்ந்து மூணு மணி நேரம். சின்ன வயசுலேர்ந்து போயிருக்கேன். அது முடிஞ்சுபோன வரலாறுன்னு நினைச்சிருந்தேன், அண்ணா" என்றான்.

ஓதிக்கொண்டிருந்த சிறுவர்களில் பலர் திபெத்தில் பிறந்தவர்கள் அல்லர். லடாக், அருணாசலம், சிக்கிம், நேபாளம், பூட்டான் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். ஒரு காலத்தில் ஆண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் பனிமலையைத் தாண்டித் திபெத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். 2008-இல் திபெத் முழுவதும் வெடித்த கிளர்ச்சிக்குப் பிறகு சீனா எல்லையை இறுக்கியது. இப்போது வருகிறவர்கள் மிகச் சிலரே. மடங்களின் விளக்கை இமயத்தின் இந்தியப் பிள்ளைகள் ஏந்துகிறார்கள்.

மதியச் சாப்பாடு மடத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடையில். துக்பாவும் மோமோவும் டிங்மோவும். துக்பா என்பது காய்கறியோ இறைச்சியோ கொதிக்கும் சாற்றில் நூடுல்ஸ். டிங்மோ ஆவியில் வெந்த மைதா ரொட்டி, இட்லியின் மென்மை அதற்கு உண்டு. வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த தேநீரையும் கேட்டு வாங்கினோம். குளிர்நாட்டில் உடம்பின் சூட்டைக் காக்கும் பானம் அது. தேநீர் என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடித்தால் அதன் அருமை புரியும். பரிமாறிய பெண் பக்கத்துக் கொப்பா கிராமத்துக் கன்னடப் பெண். சமையற்கட்டில் திபெத்திய அம்மாவும் அவளும் கன்னடத்தில் கதை பேசிக்கொண்டே மாவு பிசைந்தார்கள். இந்த வட்டாரத்துக் கன்னடக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கேம்ப்தான் வேலை கொடுக்கிறது. வயலில், கடையில், கட்டுமானத்தில்.

கடையின் சுவரில் தலாய் லாமாவின் படத்துக்குக் கீழே கன்னம் சிவந்த ஒரு சிறுவனின் படம் மாட்டியிருந்தார்கள். இந்த ஊரில் அந்தப் படம் பல இடங்களில் உண்டு. 1995 மே 14 அன்று, தலாய் லாமாவுக்கு அடுத்த நிலையில் மதிக்கப்படும் பஞ்சன் லாமாவின் மறுபிறப்பாகத் தலாய் லாமா அறிவித்த கெதுன் சோயிக்யி ஞிமா. அப்போது அவருக்கு ஆறு வயது. மூன்றாம் நாளே சீன அதிகாரிகள் அவரையும் குடும்பத்தையும் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு வெளியுலகம் அவரைப் பார்த்ததில்லை. பஞ்சன் லாமாக்களின் பீடமான தாஷி லுன்போ மடத்தைப் பைலகுப்பேயில் 1972-இல் மீண்டும் எழுப்பினார்கள். பீடம் இங்கே இருக்கிறது, பீடாதிபதி இல்லை.

பிற்பகலில் சேரா மடத்துக்குப் போனோம். மூலமான சேரா லாசாவுக்கு வெளியே 1419-இல் எழுந்த, திபெத்திய பௌத்தத்தின் கெலுக் மரபுக்கான பெரும் பல்கலைக்கழகம். 1959-க்குப் பிறகு தப்பி வந்த சேரா பிட்சுக்கள் பக்ஸா முகாமில் பத்தாண்டு இருந்தார்கள். நோய்க்கும் வெக்கைக்கும் நடுவே அங்கேயும் பாடம் நிற்கவில்லை. 1970-இல் சுமார் 300 பேர் இங்கே வந்து, முதலில் மக்காச்சோளம் விதைத்தார்கள், பிறகு மடம் கட்டினார்கள். இன்று சேரா ஜே, சேரா மே என்ற இரு கல்லூரிகளிலும் ஆயிரக்கணக்கான பிட்சுக்கள் படிக்கிறார்கள்.

மாலை ஆனதும் திறந்த முற்றத்தில் தர்க்கம் தொடங்கியது. ஒருவர் தரையில் அமர்ந்திருப்பார். எதிரே ஒருவர் நின்று கேள்வி கேட்பார். கேள்வியின் கடைசிச் சொல்லோடு இடது காலைத் தரையில் ஓங்கி மிதித்து, வலது உள்ளங்கையை இடது உள்ளங்கையின்மேல் படீரென்று தட்டுவார். அமர்ந்தவர் உடனே பதில் சொல்ல வேண்டும். பதிலில் முரண் தெரிந்தால் கேட்டவர் ஆரவாரிப்பார். நூற்றுக்கணக்கான ஜோடிகள் ஒரே நேரத்தில் வாதிடும் அந்த முற்றத்தில் கைத்தட்டல்கள் மழைபோல விழுந்துகொண்டே இருந்தன. சண்டைபோல் தோன்றும். அடுத்த கணமே இருவரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். இப்படி ஏறக்குறைய இருபது ஆண்டு வாதிட்டுத் தேறியவர்தான் கெஷே பட்டம் பெறுகிறார். பெண் துறவியருக்கு அந்த வாசல் நெடுங்காலம் மூடியிருந்தது. 2016-இல் 20 பிக்குணிகள் முதன்முறையாகக் கெஷேமா பட்டம் பெற்றார்கள்.

ஓரமாக நின்ற நடுவயதுப் பிட்சு ஒருவரிடம் அவர்கள் எந்த நூலை வைத்து வாதிடுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகம் என்றார். தர்மகீர்த்திக்கு முன்னோடி திக்நாகர். திபெத்திய மரபு திக்நாகரைக் காஞ்சிக்குப் பக்கத்தில் பிறந்தவராகச் சொல்கிறது. நான் தமிழன் என்றதும் அந்தப் பிட்சு இரு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காஞ்சி!" என்றார். அவருக்குக் காஞ்சிபுரம் பட்டுக்கோ கோயிலுக்கோ உரிய ஊர் அன்று. அது அவருடைய ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊர்.

மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிப்பது இதே பௌத்த அளவையியல்தான். எது காட்சி, எது கருத்து, எது பழுதற்ற ஏது, எது போலி என்று பிரித்துப் பிரித்துச் சொல்லும் பகுதி அது. நம் மாணவர்கள் அதைக் கடினமான பகுதி என்று தள்ளிவிட்டுப் போகிறார்கள். காஞ்சியிலும் புகாரிலும் வழக்கொழிந்த அந்தக் கலை நாளந்தா வழியாகப் பனிமலை ஏறி, அங்கே ஆயிரம் ஆண்டு உயிரோடிருந்து, காவிரிக்கரைக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்து நிற்கிறது. பதினைந்து வயதுப் பையன்கள் அதைக் கைதட்டி வாதிடுவதை நான் நேரில் கண்டேன். தமிழ்நாட்டில் பௌத்தம் பற்றி எழுதுகிறவர்களும் மணிமேகலை கற்பிக்கிறவர்களும் ஒரு மாலையாவது இந்த முற்றத்தில் வந்து நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

திரும்பும் வழியில் தேநீர் குடிக்க ஒரு காபிக் கடையில் இறங்கினோம். நடத்துகிறவர் முப்பதை நெருங்கும் இளைஞர். பெங்களூரில் பட்டம் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் வேலை பார்த்து, ஊர் திரும்பியவர். அவருடைய பெற்றோர் எண்பதுகளின் கடைசியில் நேபாளம் வழியாக நடந்து வந்தவர்கள். அவர் பிறந்தது குஷால்நகரில். கன்னடம், இந்தி, ஆங்கிலம், திபெத்தியம் நான்கும் பேசுகிறார். ஆனால் அவர் கையில் இருப்பது வெளிநாட்டவருக்கான பதிவுச் சான்றிதழ். ஆர்.சி. என்று இங்கே எல்லாரும் சொல்வது அதைத்தான். அதை உரிய காலத்தில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிநாடு போக மஞ்சள் அட்டைபோட்ட அடையாளப் புத்தகம் தனி. "வேலைக்கு மனு போட்டா முதல் கேள்வியே நேஷனாலிட்டி. அங்க என்ன எழுதுறதுன்னு ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன்" என்றார்.

1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்பது சட்டம். அது திபெத்தியர்களுக்கும் பொருந்தும் என்று 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2016-இல் அவர்களுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கவும் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. இடையில் 2014-இல் தேர்தல் ஆணையம் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. 1987 ஜூலைக்குப் பின் பிறந்த இந்த இளைஞரைப் போன்றவர்களுக்கு வழி அவ்வளவு எளிதாக இல்லை. வழி இருப்பவர்களிலும் பலர் தயங்குகிறார்கள். குடியுரிமை வாங்கிவிட்டால் திபெத் மீது தங்களுக்குள்ள உரிமைக் கோரிக்கை தளர்ந்துவிடுமோ என்ற தவிப்பு ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. "பாட்டி வேண்டாம்கிறாங்க. அப்பா உன் இஷ்டம்கிறார். என் ஃபிரெண்ட்ஸ் பாதிப் பேர் டொரொண்டோவுக்கும் நியூயார்க்குக்கும் போயிட்டாங்க" என்றார் அவர்.

இது அவர் ஒருவருடைய கதை அன்று. 2009-இல் திபெத்தியரின் புலம்பெயர் அரசான மத்தியத் திபெத்திய நிர்வாகம் எடுத்த கணக்கில் இந்தியாவில் 94,000-க்கும் மேற்பட்ட திபெத்தியர் இருந்தார்கள். அதற்குப் பிறகு தொகை குறைந்துகொண்டே வருகிறது. பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள். கேம்ப்களின் நிலத்தை அக்கம்பக்கத்து விவசாயிகள் குத்தகைக்கு உழுகிறார்கள். 2025-இல் தலாய் லாமாவுக்கு 90 வயது நிறைந்தது. தமக்குப் பின்னும் தலாய் லாமா பீடம் தொடரும் என்று அவர் உறுதி சொன்னபோது இந்தத் தெருக்களில் எல்லாரும் கைப்பேசியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அந்த இளைஞர் சொன்னார்.

ஆனாலும் அறுபது ஆண்டுகளில் இந்த ஊர் என்ன சாதித்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2011-இல் தலாய் லாமா தம் அரசியல் பொறுப்பை மக்கள் தேர்ந்தெடுத்த தலைமையிடம் ஒப்படைத்தார். 2021-இல் அந்தத் தலைமைக்கு வாக்கு பெற்று வந்த பென்பா செரிங் 1967-இல் இந்தப் பைலகுப்பேயில் பிறந்தவர். இங்கே மத்தியத் திபெத்தியப் பள்ளியில் படித்து, சென்னையில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் பட்டம் பெற்றவர். அகதி முகாமில் பிறந்த பிள்ளை உலகெங்கும் சிதறிய ஒரு மக்களின் தலைவராக உயர முடிந்திருக்கிறது.

தமிழர்களுக்கு இந்த ஊரோடு இன்னொரு பந்தமும் உண்டு. திபெத்தியர்களை மைசூர் மாநிலத்தில் குடியமர்த்துவதற்கென்றே 1968-இல் உருவான தொண்டு நிறுவனம் மைராடா. பெயரே மைசூர் மறுகுடியமர்வு மேம்பாட்டு முகமை என்பதன் சுருக்கம். திபெத்தியர்கள் தம் காலில் நின்ற பிறகு அது கிராமத்து ஏழைகள் பக்கம் திரும்பியது. எண்பதுகளின் நடுவில் கிராமங்களில் சிறு சிறு சேமிப்புக் குழுக்களை உருவாக்கியது. இந்தியாவில் சுய உதவிக் குழு என்ற முறை வேர் பிடித்ததில் அந்த முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. 1989-இல் தருமபுரியில் தமிழக அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியபோது களத்தில் இறங்கிய நிறுவனங்களில் மைராடாவும் ஒன்று. மதுரைக்கார அக்காவின் அம்மா இருபது ஆண்டுகளாகக் குழுத் தலைவி. அகதிகளுக்குச் செய்த உதவி உதவியவர்களின் வீட்டுக்கே இப்படித் திரும்பி வந்திருக்கிறது என்று வண்டியில் நான் சொன்னபோது, "அம்மாகிட்ட இன்னிக்கே சொல்றேன்" என்றார்.

அதே வண்டியில் ஹுன்சூர்க்காரர் ஒரு கேள்வி கேட்டார். "உங்க ஊர்லயும் அகதிங்க இருக்காங்களே, இலங்கைக்காரங்க. அவங்களுக்கும் நிலம் கொடுத்தாங்களா?" இல்லை என்று நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது. 1983 முதல் வந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். நம் மொழி பேசுகிறவர்கள், நம் தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். நாற்பது ஆண்டுகள் கழித்தும் பலருக்கு வீடு என்பது ஓர் அறை. 2021-இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது, புதிய வீடுகள் கட்டும் பணியும் தொடங்கியது. அவை நல்ல தொடக்கங்கள். ஆனால் முகாமில் பிறந்து முகாமில் வளர்ந்து, இந்த மண்ணைத் தவிர வேறெதையும் அறியாத இளைஞர்கள் இன்னும் இந்தியக் குடிமக்களாக இல்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் திபெத்தியருக்கும் இடமில்லை, ஈழத்தமிழருக்கும் இடமில்லை. 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் ஓர் அகதிக்கு என்ன கிடைக்கும் என்பது அவர் எந்த ஆண்டு, எந்த நாட்டிலிருந்து, எந்த மாநிலத்துக்கு வந்தார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

பைலகுப்பேயைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதுதான். 1960-களில் பணக்கார மாநிலமாக இல்லாத மைசூர், மொழியாலும் உணவாலும் உடையாலும் தனக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு மக்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் நிலம் கொடுத்தது. ஒன்றாக வாழ இடம் கொடுத்தது. பிள்ளைகள் தங்கள் மொழியையும் படிக்க மத்திய அரசு பள்ளி கொடுத்தது. மிச்சத்தில் பெரும்பகுதியை அவர்களே செய்துகொண்டார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழைய தர்க்க நூல் அதனால் பிழைத்தது. சுற்றியுள்ள கிராமங்களுக்கு வேலை கிடைத்தது. ஒருவருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை. அதே ஊரில் இன்று பிள்ளைகள் வெளியேறுவதற்குக் காரணம், நிலத்தைத் தொடர்ந்து வந்திருக்க வேண்டிய காகிதம் வராததுதான். இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு, அவர் விரும்பினால், இந்த நாட்டின் குடியுரிமை எளிதாகக் கிடைக்க வேண்டும். அவர் பைலகுப்பேயில் பிறந்திருந்தாலும் சரி, ஈழத்தமிழர் இருக்கும் மண்டபம் முகாமில் பிறந்திருந்தாலும் சரி. மைசூர் அன்று பாதிவரை கொண்டுவந்த வேலையை இந்தியா இன்னும் முடித்துக்கொடுக்கவில்லை. முடித்துக்கொடுக்கச் சொல்லிக் கேட்கும் கடமை, ஸ்வெட்டர் வாங்கிய நமக்கும் உண்டு.